எங்கள் டீலர் என்று சொன்ன நாள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் கிணறுகளெல்லாம் அடிப்பாறை தெரியக் காய்ந்தன. தோப்புக்காரர்கள் தென்னையைக் காப்பாற்ற ஆளுக்கொரு போர்வெல் போட்டார்கள். போர் போட்டவர்களெல்லாம் மோட்டார் வாங்க என் கணவரின் கடைக்கு வந்தார்கள். ஊருக்கே கஷ்டமான அந்த வருஷத்தில் எங்களுக்கு மட்டும் யோகம் அடித்தது. கோயமுத்தூரிலிருந்த பம்பு கம்பெனி, அதிகம் விற்ற பத்து டீலர்களை மனைவியோடு ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போய், மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் கப்பலில் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னது. பத்துப் பேரில் இவரும் ஒருவர்.

நான் சிங்காநல்லூர்க்காரி. அப்பா மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தார். என்னை பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்க வைத்தார். இவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறாமல், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஒர்க்ஷாப்பில் மோட்டார் காயில் கட்டப் பழகியவர். கொஞ்ச நாளில் சொந்த ஊரான பொள்ளாச்சியிலேயே கடை போட்டுவிட்டார். பெண் கேட்டு வந்தபோது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "படிப்புக் கம்மி கண்ணு. ஆனா மனுசன் தங்கம்" என்றார். சரி என்றேன். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான பதினைந்து வருஷத்தில் என் ஆங்கிலம் இரண்டு விஷயங்களுக்குத்தான் பயன்பட்டது. ஒன்று பிள்ளைகளின் வீட்டுப் பாடம். மற்றது, பம்பில் பழுது வந்தால் கம்பெனிக்கு எழுதும் கடிதம். அந்தக் கடிதங்களைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இவர் எடுத்துக் காட்டுவார். "எங்கூட்டு அம்மணி எழுதுனதுங்க. ஒரு அடித்தம் திருத்தம் இருக்குதா பாருங்க" என்பார். அவருக்குத் தெரியாததை நினைத்து அவர் கூச்சப்பட்டு நான் பார்த்ததே இல்லை. தெரிந்தவர்களைக் கண்டால் சந்தோஷப்படுகிற மனசு அவருக்கு.

கப்பலில் எங்கள் கூட்டத்துக்குப் பொழுது நன்றாகவே போனது. ஆண்கள் சீட்டு விளையாடினார்கள். பெண்கள் தக்காளித் தொக்கையும் கறிவேப்பிலைப் பொடியையும் மாற்றி மாற்றிப் பரிமாறிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் நான் கப்பல் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து அமர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். வட இந்தியாவில் பிறந்து, முப்பது வருஷத்துக்கு முன்னால் லண்டனுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அவரும் டாக்டர், அவர் கணவரும் டாக்டர். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து பேச்சு வளர்ந்தது. கல்லூரியை விட்ட பிறகு ஒருவரோடு ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசியது அன்றுதான். எனக்குள் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்து கூட்டிப் பெருக்கியதுபோல் இருந்தது.

எழுந்திருக்கும்போது அவர் கேட்டார், "உங்கள் கணவர் என்ன செய்கிறார்?"

"பம்பு" என்றேன்.

"விற்பனையா?"

"இல்லை, தயாரிப்பு. அவர் இன்ஜினியர்."

பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதில்லை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் வேறொருத்தி. அவளுக்கு ஒரு இன்ஜினியர்தான் கணவராக இருக்க முடியும் என்பதுபோல அந்த வாக்கியம் தானாக வந்து விழுந்தது. திருத்தியிருக்கலாம். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்து பேசினோம். திருத்தவில்லை. உங்கள் கணவரைப் பார்க்கவே முடியவில்லையே என்றபோது, அவருக்குக் கம்பெனி ஆட்களோடு ஓயாத பேச்சு என்றேன். எங்கள் கூட்டம் முதல் பந்தியில் சாப்பிட்டது, டாக்டர் தம்பதி இரண்டாம் பந்தியில். அதனால் பொய் மாட்டிக்கொள்ளாமல் ஓடியது.

நான்காம் நாள் கப்பல் மால்டா தீவில் நின்றது. காலையில் இறங்கி, சாயங்காலம் நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். எங்கள் கூட்டத்துக்குக் கம்பெனி ஒரு பஸ் ஏற்பாடு செய்திருந்தது. டாக்டரம்மாவோ, ஊர்ப் பஸ்ஸில் ஏறி நாமாகச் சுற்றலாம், நீங்களும் வாருங்கள், கணவரையும் கூட்டி வாருங்கள் என்று அழைத்திருந்தார்.

அறையில் இவரிடம், "நான் அந்த டாக்டரம்மா கூடப் போய்ட்டு வாரேனுங்க. நீங்க நம்ம ஆளுங்களோட போயிருங்க" என்றேன்.

"போய்ட்டு வா அம்மணி. இங்கிலீஷ் பேச ஆளு கெடைச்சா உனக்கும் ஆசையாத்தான இருக்கும்" என்றார். ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

துறைமுகத்தில் டாக்டர் தம்பதி காத்திருந்தார்கள். "எங்கே உங்கள் இன்ஜினியர்?" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே கேட்டார். வயிறு சரியில்லை, அறையில் படுத்திருக்கிறார் என்றேன். பாவம் என்றார்கள் இருவரும். அடுத்த நிமிஷம், முப்பது அடி தள்ளி நின்றிருந்த எங்கள் கூட்டத்தின் பஸ்ஸிலிருந்து இவர் இறங்கி ஓடி வந்தார். கம்பெனி கொடுத்த சிவப்புத் தொப்பி. புத்தம் புதிய வெள்ளை ஷூ. மடிப்புக் கலையாத பேண்டை வேட்டியைத் தூக்குவதுபோல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் என் தலைவலி மாத்திரையும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும். எனக்கு வெயில் பட்டால் ஒற்றைத் தலைவலி வரும். மாத்திரையை மேசைமேல் மறந்துவிட்டு வந்திருந்தேன்.

"இத மறந்துபோட்டியே" என்று நீட்டினார். அதற்குள் அவருக்குப் பின்னால் பஸ் கிளம்பிவிட்டது. டிரைவர் எண்ணிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா இவரையும் என்னையும் பார்த்தார். "இவர் யார்?" என்றார்.

"எங்கள் டீலர்" என்றேன். "பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் பம்புகளை விற்கிறவர். குழுவோடு வந்திருக்கிறார்."

இவருக்கு ஆங்கிலம் பேச வராதே தவிர, காதில் விழுந்தால் ஓரளவு பிடிபடும். டீலர் என்ற சொல் அவருக்கு அவர் பேரைப்போல. என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, டாக்டர் தம்பதிக்குக் கும்பிடு போட்டு, "குட்மார்னிங் சார், குட்மார்னிங் மேடம்" என்றார்.

பஸ் போய்விட்டதால் டாக்டரே, "அவரும் நம்மோடு வரட்டும்" என்றார். இப்படித்தான் அன்று முழுக்க நாங்கள் நால்வரும் ஒன்றாகச் சுற்றினோம். டாக்டர் தம்பதிக்குத் தமிழ் தெரியாது. எந்த நிமிஷத்திலும் நான் இவரிடம் தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியும். மன்னிச்சுக்குங்க, ஏதோ வாய் தவறிச் சொல்லிப்போட்டேன் என்றால் போதும். எங்கள் முன்னால் அத்தனை படிக்கட்டுகள் இருந்தன, அத்தனை தெருக்கள் இருந்தன. சொல்லவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டடி பின்னால் நடந்தார். நான் வாங்கிய ஒரு மேசை விரிப்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மேடம், தண்ணி வேணுங்களா?" என்று ஒருமுறை கேட்டார்.

மேடம் என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கோபத்தில் சொல்கிறாரா என்று குரலைக் கூர்ந்து கேட்டேன். கோபமே இல்லை. கடைக்கு வரும் கம்பெனி அதிகாரியிடம் பேசும் அதே பணிவு. எனக்கு உதவுவதாகவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது புரிந்தது. அந்தப் பணிவை நான் எடுத்துக்கொண்டேன். சொல்லப் போனால், அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பெரிய தேவாலயம் ஒன்றுக்குள் போனோம். வாசலில் இவர் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே வந்து, மேரி மாதா முன்னால் கைகூப்பி நின்றார். சுற்றுலாக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நானும் பதிலுக்கு அதே மாதிரி புன்னகைத்தேன், 'என்ன செய்வது, கிராமத்து மனிதர்' என்று சொல்வதுபோல. அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என் முகத்தை நானே திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது.

வெளியே தேவாலயத்தின் முன்னால் டாக்டர் போட்டோ எடுக்க நிற்கச் சொன்னார். நானும் டாக்டரம்மாவும் நின்றோம். இவர் தானாகவே ஒதுங்கிப் போய், கேமராவைக் கை நீட்டிக் கேட்டு வாங்கி, டாக்டரையும் எங்களோடு நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார். மூவரையும் எடுத்தார். அந்த ஊரில் எடுத்த எந்தப் படத்திலும் அவர் இல்லை.

மதியத்துக்கு முன்னால் ஒரு மஞ்சள் பஸ்ஸில் ஏறி, தீவின் நடுவில் குன்றின் மேலிருக்கும் பழைய கோட்டை ஊருக்குப் போனோம். ஜன்னலுக்கு வெளியே ஊர் முடிந்து வயல்கள் வந்தன. காய்ந்த மண். வரிசை வரிசையாகக் கல் அடுக்கிக் கட்டிய வரப்புகள். அவற்றின் ஓரத்தில் சப்பாத்திக்கள்ளி வேலி. இவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மணி, இங்க பாரு, நம்ம காங்கயம் பக்கம் மாதிரியே இருக்குது" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா, "அம்மணியா? அது உங்கள் செல்லப் பெயரா?" என்றார்.

"இல்லை. எங்கள் ஊரில் மேடம் என்பதற்கு அதுதான் வார்த்தை" என்றேன்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அதனாலேயே அது இன்னும் கேவலமாக இருந்தது. பதினைந்து வருஷமாக என்னை எழுப்பிய, சாப்பிடக் கூப்பிட்ட, பிரசவ வலியில் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்ட வார்த்தை அது. அதை எடுத்து என் பொய்க்கு ஒட்டுப் போட்டேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கோட்டை மதிலின் மேல் நின்று பார்த்தால் கீழே தோட்டங்கள் தெரிந்தன. எங்கோ ஒரு டீசல் இன்ஜின் ஓடும் சத்தம். டாக்டர் தம்பதி சரித்திரம் பேசினார்கள். இவர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"காத்துப் புடிக்குது" என்றார் என்னிடம். "இன்ஜின் ஓடுது, தண்ணி ஏறுல. ரொம்ப நேரம் இப்பிடியே ஓட்டுனா பம்பு போயிருமுங்க." கொஞ்சம் தயங்கினார். "நான் கீழ போய் அதயப் பாத்துப்போட்டு வாரேனுங்க மேடம். நீங்க பேசீட்டு இருங்க."

டாக்டர் தன் கடிகாரத்தைக் காட்டி, இரண்டரை மணிக்குப் பஸ் என்று சைகையோடு சொன்னார். இவர் தன் கடிகாரத்தையும் காட்டித் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். பாதையில் போகப் போக அவர் நடை மாறியது. காலையிலிருந்து பார்க்காத வேகம் அது, கடையிலிருந்து ஒரு கிணற்றுக்குப் போகும்போது இருக்கும் வேகம்.

மதியம் நாங்கள் மூவரும் ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். நன்றாகப் பேசினேன். சிரித்தேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டரைக்குப் பஸ் வந்தது. இவர் வரவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று டிரைவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை, ஒரு மணி நேரம் ஆகலாம் என்றார். டாக்டர், "அதில் போனால் கப்பலைப் பிடிக்க முடியாது. அவர் பெரிய ஆள்தானே, டாக்ஸி பிடித்து வந்துவிடுவார்" என்றார். டாக்டரம்மா படியேறினார். நான் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சட்டைப் பையில் அந்த நாட்டுக் காசு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். யாரிடமும் வழி கேட்க மொழி இல்லை என்பதும் தெரியும். நான் வரவில்லை, நீங்கள் போங்கள் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஒரு டீலருக்காக இன்ஜினியரின் மனைவி எதற்குக் கப்பலைத் தவறவிட வேண்டும்?

ஏறிவிட்டேன்.

பஸ் குன்றைச் சுற்றி இறங்கியது. தோட்டத்துப் பாதை ரோட்டில் வந்து சேரும் இடத்தில் அவர் நின்றிருந்தார். முழங்கை வரை கறுப்பு மசகு. தலையில் தொப்பி இல்லை. பக்கத்தில் ஒரு வயசான விவசாயி. பஸ் வருவதைப் பார்த்தார், ஜன்னலில் என்னைப் பார்த்தார், கையைத் தூக்கினார். டாக்டர் தம்பதி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்துங்கள் என்று ஒரே ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் போதும். நான் தலையைக் குனிந்து, கைப்பைக்குள் மாத்திரையைத் தேடினேன். மாத்திரை கைக்குக் கிடைத்த பிறகும் தேடினேன். நிமிர்ந்தபோது பஸ் வெகுதூரம் வந்திருந்தது.

துறைமுகத்தில் டாக்டர் தம்பதி மேலே ஏறிப் போனார்கள். எங்கள் ஆட்களுக்காகக் காத்திருக்கிறேன் என்று நான் கீழேயே நின்றேன். கூட்டத்தின் பஸ் வந்தது. ஈரோட்டு டீலரின் மனைவி இறங்கியதும், "அண்ணன் உங்ககூடத்தான் வந்தாருன்னாங்க. எங்கீங்கக்கா?" என்றாள்.

"கடைக்குள்ள நிக்கறாருங்க, இப்ப வந்துருவாரு" என்றேன்.

எல்லோரும் ஏறினார்கள். மூன்றரை ஆனது. மூன்றே முக்கால் ஆனது. என் பெரியவன் மூன்று வயதில் தேர்த் திருவிழாக் கடைவீதியில் கை நழுவிக் காணாமல் போன அந்த அரை மணி நேரத்தில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. அப்போது நான் தேடிக்கொண்டாவது இருந்தேன். இப்போது தேட வேண்டிய நானே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, ஒரு பழைய லொடக்கு வண்டி துறைமுக வாசலில் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து இவரும் அந்த விவசாயியும் இறங்கினார்கள். கிழவர் ஒரு பை நிறையத் தக்காளியை இவர் கையில் திணித்து, கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். இவர் நட்டு வைத்த கம்பம்போல நின்றார். கிழவர் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். கையசைக்கவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

இவர் என்னிடம் வந்தார். அங்கே நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

"லேட்டாயிருச்சுங்க மேடம். மன்னிச்சுக்குங்க" என்றார்.

அது குத்திக்காட்டியதா, அல்லது காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்டதா, இன்று வரை எனக்குத் தெரியாது. குத்திக்காட்டிப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனால் பயமாக இருந்தது.

அறையில் அவர் வெகுநேரம் கை கழுவினார். மசகு போகவில்லை. பனியனும் லுங்கியும் மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி பம்பைப் பற்றிச் சொன்னார். பைப் சேருகிற இடத்தில் ரப்பர் தேய்ந்து போயிருந்ததாம். பழைய டயர் டியூபை வெட்டி வைத்து முறுக்கியதும் தண்ணீர் வந்துவிட்டதாம். நான் என்ன சொல்லித் தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது கதவு தட்டும் சத்தம்.

கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். திறந்தார். டாக்டர் தம்பதி நின்றிருந்தார்கள். டாக்டரம்மா கையில் மாத்திரை அட்டை. வயிறு சரியில்லாமல் காலையிலிருந்து படுத்திருக்கும் இன்ஜினியரைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் டாக்டர்கள். வருவார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பனியன் லுங்கியோடு கதவைத் திறந்த மனிதரை அவர்கள் பார்த்தார்கள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்து, ரகசியக் குரலில், "சார் ஸ்லீப்பிங்" என்றார்.

சின்ன அறை அது. இவருக்குப் பின்னால் இரண்டு கட்டில்களும் அப்பட்டமாகத் தெரிந்தன. ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். மற்றது காலி.

"இவர்தான் என் கணவர்" என்றேன் ஆங்கிலத்தில்.

டாக்டர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. இவருடைய மசகுக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "இன்று முழுக்க உங்களோடு இருந்தோம். எங்களுக்குப் பெரிய சந்தோஷம்" என்றார். மாத்திரை அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு இவர், "நல்லவங்க" என்றார்.

மீதி இருந்த நாட்களில் மேல்தளத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். தலையசைத்தார். அன்பாகத்தான் அசைத்தார். பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரவில்லை. ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து லண்டனிலிருந்து ஒரு கவர் வந்தது. மால்டாவில் இவர் எடுத்த எங்கள் போட்டோவும், உங்கள் கணவருக்கு எங்கள் வணக்கம் என்று ஒரு வரியும். இவர் இரண்டு தடவை, "பதில் போட்டியா?" என்று கேட்டார். போட்டுவிட்டேன் என்றேன். போடவில்லை.

அந்த ஆவணியில் கோயமுத்தூரில் இவர் பெரியம்மா பேத்தி கல்யாணம். பந்தி முடிந்ததும் சொந்தக்காரர்கள் இவரைச் சுற்றி உட்கார்ந்து கப்பல் கதை கேட்டார்கள். இவர் நன்றாகக் கதை சொல்வார். மால்டா கிழவரின் பம்பைச் சொன்னார், டயர் டியூபைச் சொன்னார், கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

"பாஷை தெரியாத ஊருல எப்படீங்க மாமா சமாளிச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கென்னுங்க. எங்கூட்டு அம்மணி இருந்துது. லண்டன் டாக்டருங்ககிட்டயே சரிக்குச் சரி இங்கிலீஷ் பேசுது. நான் பொறகால போனேன், அவ்வளவுதான்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், பெருமையாக. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கை கழுவப் போவதுபோல் போய், மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பொள்ளாச்சிக்குத் திரும்பும்போது காரில் நாங்கள் இருவர் மட்டும். பிள்ளைகள் அத்தை வீட்டில் தங்கிவிட்டார்கள். கிணத்துக்கடவு தாண்டியதும் சொன்னேன்.

"நான் அன்னைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க."

எதை என்று அவர் கேட்கவில்லை.

"டீலர்ன்னு சொன்னதா? அது பொய்யில்லியே அம்மணி. நான் டீலர்தான்" என்றார். ஒரு லாரியைத் தாண்டினார். "பஸ்ஸுல நீ தலையக் குனிஞ்சியே, அதுதான்."

பார்த்திருக்கிறார். பார்க்கவில்லை என்று மூன்று மாதமாக என்னை நானே நம்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க கையக் காட்டுனத நான் பாத்தேனுங்க" என்றேன்.

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லிக் கையக் காட்டுல. உன்னயத்தான் கூப்புட்டேன்." குரலில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. "அந்தப் பெரியவரு சம்சாரம் சோறாக்கி வெச்சிருந்தாங்க. யாரு கூட வந்தீங்கன்னு கையக் காட்டிக் கேட்டாங்க. மை வைஃப்ன்னேன். போய்க் கூட்டீட்டு வாங்க, ரெண்டு பேரும் சாப்பிடுங்க, நாங்களே வண்டீல கொண்டாந்து உடறோம்ன்னாங்க. அதுக்குத்தான் ரெண்டு பேரும் ரோட்டுக்கு வந்து நின்னோம். பஸ் போனதும் அந்த மனுசன் என்ற மூஞ்சியப் பாத்தாரு பாரு. எனக்கு ஒன்னும் இல்ல. அவருக்குத்தான் ரொம்பச் சங்கடமாப் போச்சு."

நான் அழுதேன். மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் இடக்கையால் என் தோளை ஒரு தட்டுத் தட்டி, "உடு" என்றார். அவர் விட்டது உண்மை. அதற்குப் பிறகு ஒரு நாளும், எவ்வளவு பெரிய சண்டையிலும், அதை எடுத்ததில்லை.

ஆனால் ஒன்று மாறியது. அவர் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. நான் யாரோடாவது ஆங்கிலத்தில் பேச நேர்ந்தால் அவர் பக்கத்தில் வந்து நிற்பதை நிறுத்திவிட்டார். மகளைக் கோயமுத்தூரில் ஒரு பெரிய பள்ளியில் சேர்க்கப் போனபோது, தலைமை ஆசிரியை அறை வாசல் வரை வந்தார்.

"உள்ள வாங்க" என்றேன்.

"நீ பேசீட்டு வா அம்மணி" என்றார். "நான் வண்டிய நெழல்ல நிறுத்தீட்டு வாரேன்."

கையைப் பிடித்து இழுத்துக் கூட்டிப் போனேன். "இவர் என் கணவர், பொள்ளாச்சியில் பம்புசெட் கடை வைத்திருக்கிறார்" என்று முதல் வாக்கியமாகச் சொன்னேன். தலைமை ஆசிரியை உட்காரச் சொன்னார். இவர் உட்கார்ந்தார், நாற்காலியின் நுனியில். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகத் தயாராக இருப்பவர்போல.